போனிலும் லினக்ஸிலும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால்: தடுப்பது எந்தப் பூட்டு?

மேசைக் கணினியில் லினக்ஸ் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஆண்ட்ராய்டு போனைக் கையில் எடுத்ததும் ஒரு குழப்பம் வரும். இரண்டிலும் உள்ளே ஓடுவது வன்பொருளை ஆளும் மையநிரலான லினக்ஸ் கர்னல்தான். ஆனால் கணினியில் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் வழி) போட்டு ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை போனில் நடக்காது. உடனே ‘ரூட் செய்துவிடலாம்’, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராகிவிடலாம், என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். நிறைய பிரச்சினைகளுக்கு ரூட் தேவையே இல்லை. சிலவற்றுக்கு ரூட் கிடைத்தாலும் பயன் இல்லை. அதனால் கருவியைத் தொடும் முன் நம்மைத் தடுப்பது எது என்று பார்க்க வேண்டும்.

திரையில் வரும் வரி ஒன்றுபோலவே இருந்தாலும் பின்னால் இருக்கும் பூட்டு வேறு வேறு. கோப்பு யாருக்குச் சொந்தம் என்று பார்க்கும் பழைய யூனிக்ஸ் அனுமதி முதலாவது. அதற்கு மேல், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று விதி போடும் எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் போன்ற கொள்கைக் காவல். மூன்றாவது, படிக்க மட்டும் என்று ஏற்றப்பட்ட பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பகுதி). நான்காவது, இயங்குதளம் மாற்றப்படவில்லை என்று பூட் ஆகும்போதே கையெழுத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு. கடைசியாக, ‘உன் சாதனம் நம்பகமானதா’ என்று தொலைவில் இருக்கும் சர்வர் கேட்கும் கேள்வி.

மேசை லினக்ஸில் முதல் மூன்றும் உங்கள் சூடோ கடவுச்சொல்லுக்குக் கட்டுப்படும். நான்காவதில் உங்கள் சொந்தச் சாவியையே சேர்க்கலாம். ஐந்தாவது அங்கே அநேகமாகக் கிடையாது. போனிலும் ரூட் என்ற பயனர் இருக்கிறார். பூட் ஆகும்போது முதலில் ஓடும் இனிட் நிரல் அந்த எண் 0 பயனராகத்தான் ஓடுகிறது. ஆனால் அவரிடம் போக உங்களுக்கு வழி வைக்கவில்லை. ஒவ்வோர் ஆப்புக்கும் 10000 முதல் ஒரு பயனர் எண், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் ஷெல்லுக்கு 2000. உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது மேன் பக்கத்தில் (லினக்ஸின் கட்டளைக் கையேடு) எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ்: ‘நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை’

சூடோ பயன்படுத்த அனுமதி உள்ளவர்களைக் குறிக்கும் கோப்புதான் சூடோயர்ஸ். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவும்போது ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் நிறுவி உங்கள் சாதாரணப் பயனரை சூடோ குழுவில் சேர்க்காது. கோளாறு ஒன்றுமில்லை, அதன் வழக்கமே அதுதான். எஸ்யூ கட்டளையைப் பின்னால் ஒரு சிறு கோடு சேர்த்துக் கொடுத்து ரூட் ஆகுங்கள். அந்தக் கோடு முக்கியம். அது இல்லாவிட்டால் நிர்வாகக் கட்டளைகள் உள்ள எஸ்பின் கோப்புறைகள் கட்டளை தேடும் பாதையில் வராமல் ‘யூசர்மாட் கட்டளை இல்லை’ என்று இரண்டாவது பிழை வரும். அப்புறம் ஆட்யூசர் கட்டளையால் உங்கள் பயனர்பெயரை சூடோ குழுவில் சேருங்கள். ஃபெடோராவில் அந்தக் குழுவின் பெயர் வீல். யூசர்மாட் பயன்படுத்துவதாக இருந்தால் பெரிய ஜி விருப்பத்தோடு சிறிய ஏ விருப்பத்தையும் சேர்த்தே கொடுங்கள். ஏ விடுபட்டால் நீங்கள் ஏற்கெனவே இருந்த மற்றக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவீர்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் மாற்றம் தெரியும்.

ரூட் கடவுச்சொல்லும் மறந்துவிட்டதா? கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ஈ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்டுக்குப் பதில் பாஷ் ஓடும்படி சேர்த்து பூட் செய்யுங்கள். ரூட் பார்ட்டிஷனை எழுதும்படி மறுபடி மவுண்ட் செய்து, பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் முடிந்தது. இதைப் பார்த்து ‘அப்படியானால் யார் வேண்டுமானாலும் நுழையலாமே’ என்று தோன்றும். நுழையலாம்தான். அதைத் தடுப்பது லக்ஸ் வட்டுக் குறியாக்கம். அதன் கடவுச்சொல்லை வைத்திருப்பவரும் நீங்களே. பாதுகாப்பும் உரிமையும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

லினக்ஸ்: ரூட் ஆன பிறகும் முடியவில்லை

இங்கே மூன்று இடங்களைப் பாருங்கள். ஒரே ஒரு கோப்பு மட்டும் அழிய மறுக்கிறது என்றால் எல்எஸ்அட்டர் கட்டளையால் அதன் பண்புகளைப் பாருங்கள். ஐ என்ற எழுத்து இருந்தால் அது மாற்ற முடியாதபடி குறிக்கப்பட்டிருக்கிறது. சிஎச்அட்டர் கட்டளையில் கழித்தல் ஐ கொடுத்து அதை எடுத்துவிடலாம்.

முழு பார்ட்டிஷனும் எழுத மறுக்கிறது என்றால் மவுண்ட் கட்டளையின் வெளியீட்டில் ஆர்ஓ என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் என்டிஎஃப்எஸ் டிரைவாக இருந்தால் பெரும்பாலும் விண்டோஸின் வேகத் தொடக்க வசதிதான் காரணம். அதை அணைத்து, விண்டோஸை முழுதாக மூடிவிட்டு வாருங்கள். ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் தானாகவே ஆர்ஓ ஆகியிருந்தால் அவசரப்பட்டு எழுதும்படி மாற்றாதீர்கள். வட்டில் பிழை கண்டதால் கர்னல் தற்காப்பாகச் செய்தது அது. முதலில் டேட்டாவை நகலெடுங்கள், பிறகு எஃப்எஸ்செக் கட்டளையால் வட்டைச் சரிபாருங்கள்.

ஃபெடோரா சில்வர்புளூ, ஸ்டீம் டெக்கில் வரும் ஸ்டீம்ஓஎஸ் ஆகியவற்றில் கணினிப் பகுதி வடிவமைப்பிலேயே படிக்க மட்டும். ஸ்டீம்ஓஎஸ்ஸில் அதை அணைக்க ஒரு கட்டளையை அவர்களே தந்திருக்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றங்கள் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, என்விடியா அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல் (கர்னலோடு சேரும் துணை நிரல்) ஏறாமல் ‘சாவி நிராகரிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி வரும். பூட் ஆகும்போது கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்குகிறது, மாட்யூலில் கர்னல் நம்பும் கையெழுத்து இல்லை என்று அர்த்தம். இதற்காகச் செக்யூர் பூட்டையே அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். மோக்யூட்டில் கட்டளையால் உங்கள் சாவியை இறக்குமதி செய்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் சாவியைப் பதிவு செய்யும் விருப்பத்தைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். அந்தச் சாவியால் கையெழுத்திட்ட மாட்யூல் இனி ஏறும்.

பிசிக்களில் இப்படிச் செய்ய முடிவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, இன்டெல், ஏஎம்டி சிப் வகையான எக்ஸ்86 பிசிக்களில் உரிமையாளர் செக்யூர் பூட்டை அணைக்கவும் சொந்தச் சாவி சேர்க்கவும் வழி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் விதியே சொன்னது. அதே ஆண்டு, போன்களில் வரும் சிப் வகையான ஏஆர்எம் சாதனங்களுக்கு விதி நேர் எதிர்: அணைக்க வழி இருக்கவே கூடாது. ஒரே தொழில்நுட்பம்தான், சாவி யார் கையில் என்பதில்தான் வேறுபாடு. நம் போன்கள் அந்த இரண்டாவது வழியில் போய்விட்டன என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

போன்: ஏடிபியில் சாதனம் தெரியவில்லை, அல்லது அனுமதி இல்லை என்கிறது

ரூட்டுக்கு முன் ஏடிபி. அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்குங்கள். பட்டியலில் ‘அன்ஆத்தரைஸ்டு’ என்று வந்தால் போன் திரையைத் திறந்து பாருங்கள், கணினியை நம்பலாமா என்று கேட்டுக் காத்திருக்கும். ‘நோ பெர்மிஷன்ஸ்’ என்று வந்தால் குறை போனில் இல்லை, உங்கள் லினக்ஸில். சாதனங்களை யார் தொடலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகள் இல்லாததால் சாதாரணப் பயனருக்கு அந்த யூஎஸ்பி சாதனத்தைத் தொட அனுமதி இல்லை. டெபியன், உபுண்டுவில் ஆண்ட்ராய்டு எஸ்டிகே பிளாட்ஃபார்ம் டூல்ஸ் காமன் என்ற பொதியை நிறுவி, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ஏடிபியையே சூடோவில் ஓட்டும் பழக்கம் வேண்டாம்.

போன்: கூடவே வந்த ஆப்பை நீக்க முடியவில்லை

இதற்குத்தான் அதிகம் பேர் ரூட் தேடுகிறார்கள், தேவையே இல்லாமல். ஏடிபி ஷெல்லில், ஆப்களை நிர்வகிக்கும் பிஎம் கட்டளையில் டிசேபிள்-யூசர் என்று கொடுத்து, பயனர் 0 என்று சொல்லி, பொதியின் பெயரைக் கொடுங்கள். ஆப் உறங்கிவிடும். அதற்கும் மேல் போக வேண்டுமானால் அன்இன்ஸ்டாலைப் பயனர் 0க்கு மட்டும் கொடுக்கலாம். கோப்பு சிஸ்டம் பார்ட்டிஷனில் அப்படியே இருக்கும், உங்கள் கணக்கிலிருந்து மட்டும் போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங் கட்டளை இருக்கிறது. ஃபேக்டரி ரீசெட்டிலும் தானாக வந்துவிடும்.

ஒவ்வொன்றாகச் செய்து, ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சிஸ்டம் யூஐ, போன் சேவைகள், வேறு முகப்புத் திரை ஆப் இல்லாத நிலையில் இருக்கும் லாஞ்சர் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள்.

போன்: ஒரு ஆப்பின் கோப்புகள் தெரியவில்லை

ஆண்ட்ராய்டு 11இலிருந்து, உள் சேமிப்பகத்தின் ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் இருக்கும் டேட்டா பகுதியை மற்ற ஆப்கள் பார்க்க முடியாது. ஏடிபி ஷெல்லால் பொதுவாக முடியும். புல் கட்டளையால் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆப்பின் தனிப்பட்ட அறை, அதாவது டேட்டா பார்ட்டிஷனில் உள்ள டேட்டா கோப்புறை, ஏடிபிக்கும் திறக்காது. அதற்கு உண்மையிலேயே ரூட் வேண்டும். உங்கள் சொந்தக் குறிப்புகளையும் அரட்டைகளையும் நகலெடுக்க அந்த ஆப்பின் தயவு வேண்டியிருக்கிறது என்பது நியாயமற்ற நிலை. கணினியில் ஹோம் கோப்புறையை அப்படியே நகலெடுத்துவிடுகிறோம். போனில் ஆப் தேர்ந்தெடுக்கும்போதே ‘ஏற்றுமதி’ வசதி இருக்கிறதா என்று பார்த்து எடுப்பதுதான் இப்போதைக்கு இருக்கும் ஒரே தற்காப்பு.

போன்: ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்ற முடியவில்லை

ஹோஸ்ட்ஸ் என்பது தளப் பெயர்களுக்கு முகவரி குறிக்கும் கோப்பு. அதை மாற்றுவது விளம்பரம் தடுப்பதற்காகவா? ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் விளம்பரம் வடிகட்டும் ஒரு சேவையின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒவ்வோர் ஆப்புக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு வேண்டுமானால் போனுக்குள்ளேயே ஓடும் விபிஎன் வகை ஃபயர்வால் ஆப்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் ரூட் தேவையில்லை.

சொந்தச் சான்றிதழ் சேர்த்து ஒரு ஆப் என்ன அனுப்புகிறது என்று பார்க்க நினைப்பவர்களுக்குக் கதை வேறு. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. பிரவுசரில் வேலை செய்து ஆப்பில் செய்யாவிட்டால் காரணம் இதுதான். மேசை லினக்ஸில் சான்றிதழைக் கோப்புறையில் போட்டு அப்டேட் கட்டளை கொடுத்தால் கணினியின் சான்றிதழ்த் தொகுப்பைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் நம்பிவிடும்.

போன்: டெர்மக்ஸில் ‘சிக்னல் 9’ என்று வந்து எல்லாம் நின்றுவிடுகிறது

டெர்மக்ஸ் என்பது போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் ஆப். அதை நிறுத்துவது ஆண்ட்ராய்டு 12 கொண்டுவந்த கட்டுப்பாடு. ஆப்கள் கிளப்பிய துணைச் செயல்கள் எல்லாம் சேர்ந்து 32ஐத் தாண்டினால் கணினி கொன்றுவிடும். ஆண்ட்ராய்டு 14இல் டெவலப்பர் விருப்பங்களில் துணைச் செயல் கட்டுப்பாட்டை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. சர்வர் ஓட்டும்போது போர்ட் திறக்கவில்லை என்றால் 1024க்குக் கீழான எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அது ரூட்டுக்கு உரியது. டெர்மக்ஸின் எஸ்எஸ்எச் சர்வர் 8022இல் ஓடுவது இதனால்தான். புதிய பிக்சல்களில் 2025 மார்ச் முதல் கூகுளே ஒரு லினக்ஸ் டெர்மினல் தருகிறது. தனி மெய்நிகர் கணினியில் டெபியன் ஓடும், அதற்குள் சூடோவும் வேலை செய்யும். அந்த ரூட் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் ராஜா. பகிரப்பட்ட கோப்புறையைத் தவிர போனின் மற்ற எதையும் அது தொடாது.

போன்: ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ பொத்தான் மங்கலாக இருக்கிறது

மேலே சொன்ன எதிலும் உங்கள் பிரச்சினை தீரவில்லை, ரூட் அல்லது வேறு இயங்குதளம் வேண்டும் என்றால்தான் இங்கே வர வேண்டும். போனைத் தொடக்கி வைக்கும் நிரலான பூட்லோடரைத் திறக்க அனுமதிப்பதுதான் இந்தப் பொத்தான். முதலில் இணையத்தில் இணைத்துச் சற்று நேரம் விடுங்கள். பல போன்கள் சர்வரைக் கேட்ட பிறகே அந்தப் பொத்தானைத் திறக்கும். அப்படியும் மங்கலாக இருந்தால் போனை விற்றவர் பூட்டியிருக்கலாம். அமெரிக்காவில் வெரைஸன் விற்ற பிக்சல்கள் அப்படித்தான். இரண்டாம் கை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். ஹுவாவே 2018இல் அன்லாக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. ஷாவ்மியில் கணக்கை இணைத்துக் காத்திருக்க வேண்டும். திறக்க முடிகிற சாம்சங் போன்களில் திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற மின்னணு உருகி எரிந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டர் இனி வராது. ஐபோனில் இப்படி ஒரு பொத்தானே இல்லை.

திறக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது: போனில் உள்ள எல்லாம் அழியும். இது தண்டனை அல்ல. திருடியவர் பூட்லோடரைத் திறந்து உங்கள் டேட்டாவைப் படிக்கக்கூடாது என்பதற்கான நல்ல வடிவமைப்பு. நகலெடுத்துவிட்டு, கணினியிலிருந்து போனில் மென்பொருள் எழுத உதவும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போய், பிக்சல் போன்றவற்றில் ஃபிளாஷிங் அன்லாக் கட்டளையைக் கொடுங்கள். இனி ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஆரஞ்சு எச்சரிக்கை வரும். அது இயல்பு.

போன்: ரூட் செய்ததும் லோகோவிலேயே சுற்றுகிறது

ரூட் தரும் மாஜிஸ்க் போன்ற கருவிகள் சிஸ்டம் பார்ட்டிஷனைத் தொடுவதில்லை, போனைத் தொடக்கத் தேவையான பூட் இமேஜை மட்டும் திருத்துகின்றன. அந்த இமேஜ் உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பில்டு எண்ணுடையதாக இருக்க வேண்டும். ஒரு மாதம் முந்தியதாக இருந்தாலும் சுற்றலாம். ஆண்ட்ராய்டு 13உடன் வெளிவந்த போன்களில் திருத்த வேண்டியது பூட் அல்ல, இனிட்பூட் இமேஜ். தவறாகிவிட்டால் பதற்றப்படாதீர்கள். ஃபாஸ்ட்பூட்டில் அசல் இமேஜைத் திரும்ப எழுதினால் பெரும்பாலும் எழுந்துவிடும். மாஜிஸ்கில் ஒரு மாட்யூல் (கூடுதல் நிரல்) போட்ட பிறகு சுற்றுகிறது என்றால் சேஃப் மோடில் ஒரு முறை பூட் செய்யுங்கள். மாஜிஸ்க் எல்லா மாட்யூலையும் நிறுத்திவிடும்.

அப்டேட் வந்ததும் ரூட் போய்விட்டால், புதிய பூட் இமேஜ் பழையதன் மேல் எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஏ, பி என்று இயங்குதளத்துக்கு இரண்டு ஸ்லாட் உள்ள போன்களில் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் கேட்கும்போது அழுத்தாமல், மாஜிஸ்கில் ‘இயங்காத ஸ்லாட்டில் நிறுவு’ என்பதைத் தேர்ந்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: திருத்திய இமேஜ் உள்ளே இருக்கும்போது பூட்லோடரை மறுபடி பூட்டுவது. கையெழுத்து பொருந்தாமல் சிவப்புத் திரையில் நின்றுவிடும், திறக்கும் வழியும் அடைபடலாம்.

போன்: வங்கி ஆப் ஓட மறுக்கிறது

இதுதான் ஐந்தாவது பூட்டு, ரூட்டால் உடையாத பூட்டு. ஆப் உங்கள் போனைத் தானே சோதிப்பதோடு நிற்பதில்லை. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிடமும் கேட்கிறது. அது சிப்புக்குள் தனியே காக்கப்படும் சாவியால் கையெழுத்திட்ட சான்றைப் பார்த்து அடிப்படை, சாதனம், வலுவானது என்று மூன்று படிகளில் பதில் சொல்கிறது. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் சாதனம் என்ற படிக்கே வன்பொருள் சான்று வேண்டும். அந்தச் சாவியை ரூட்டும் படிக்க முடியாது. ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் இன்று ஓடும், நாளை நிற்கும். மாத வாடகை அனுப்ப வேண்டிய போனில் அதை நம்பாதீர்கள்.

அடிக்கடி ரூட் தேவைப்படாதவர்களுக்கு என் பரிந்துரை வேறு. பிக்சல் போன்ற சில போன்கள் நீங்கள் தரும் சாவியை ஏற்று, பூட்லோடரை மறுபடி பூட்ட அனுமதிக்கின்றன. எச்சரிக்கையின் நிறம் ஆரஞ்சிலிருந்து மஞ்சளாகும். கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளம் இந்த வழியில்தான் நிறுவப்படுகிறது. ரூட் இல்லை, சரிபார்க்கும் பூட் முழுதாக இருக்கிறது, இயங்குதளம் நீங்கள் தேர்ந்தது. மேசை லினக்ஸின் நீலத் திரையில் சாவி பதிவு செய்ததற்குப் போனில் இதுவே ஈடு. என்னைக் கேட்டால் கட்டுப்பாடு என்பது ரூட் ஷெல்லைவிட இதில்தான் அதிகம் இருக்கிறது.

ஆனாலும் இப்படிப் பூட்டிய, முழுதாக அப்டேட் ஆன போன் சாதனப் படியில் தேறுவதில்லை. பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு அப்டேட்டே காணாத தொழிற்சாலை மென்பொருள் தேறிவிடுகிறது. அதே வங்கிக் கணக்கை ரூட் அதிகாரம் உள்ள லினக்ஸ் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் வழியாகத் திறந்தால் ஒரு கேள்வியும் வருவதில்லை. அளக்கப்படுவது பாதுகாப்பு அல்ல, மென்பொருள் யாருடையது என்பது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை: வங்கியின் இணையதளத்தைப் பிரவுசரில் பயன்படுத்துங்கள். யூபிஐக்கென்று, மென்பொருள் எதையும் மாற்றாத ஒரு சிறிய போனைத் தனியே வையுங்கள். அப்புறம், வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ‘ஆப் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் ரீசெட் செய்யச் சொல்லிப் பதில் வரும். போன் மாதிரி, இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், பாதுகாப்பு அப்டேட் தேதி, பூட்லோடர் பூட்டியிருக்கிறது என்ற விவரம், பிழைத் திரையின் படம் எல்லாவற்றையும் சேருங்கள். ஆண்ட்ராய்டின் சொந்த வன்பொருள் சான்று வசதியிலேயே மாற்று இயங்குதளத்தின் சாவியை ஏற்க முடியும், கூகுளின் தீர்ப்பை மட்டும் நம்ப வேண்டியதில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதி, ஆப் உருவாக்கும் குழுவுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.